காய்ச்சல் போன பிறகு வரும் நோய்

2006ஆம் ஆண்டு மழைக்காலத்தில், கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் சிக்குன்குனியா எட்டிப் பார்க்காத வீடு என்று ஒன்றைச் சொல்வது கடினம். என் சித்திக்கு நான்கு நாள் கடுங்காய்ச்சல் அடித்தது. ஐந்தாம் நாள் உடம்பு தணிந்தது. வாரக் கடைசியில் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார். ஆனால் இட்லி மாவுக் குண்டானைத் தூக்க அவரால் முடியவில்லை. காலையில் விரல் கணுக்கள் இறுகிப்போய், வெயில் ஏறும்வரை மடங்க மறுத்தன. "காய்ச்சல்தான் போயிடுச்சே, அப்புறம் எது என்னை இப்படிப் போட்டு முறுக்குது?" என்று அவர் கேட்டபோது எங்கள் வீட்டில் யாரிடமும் விடை இல்லை. மருத்துவ ஆய்வாளர்கள் நூறாண்டுகளாக வேறு வேறு வடிவங்களில் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

கிருமி ஒன்று உடலுக்குள் நுழைகிறது. நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அதனோடு போராடி அதை வெளியேற்றுகிறது. ஆயினும் சிலருக்கு அந்த எதிர்ப்பு ஓயாமல் நீண்டு, அவர்களுடைய சொந்த மூட்டையோ, இதயத்தையோ, நரம்பையோ தாக்கத் தொடங்குகிறது. இவ்வாறு உடல் தன் திசுக்களையே அந்நியமாகக் கருதித் தாக்குவதால் வரும் நோய்களைத் தன்னுடல் தாக்குநோய்கள் என்கிறோம். மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதம், தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், முதல் வகை நீரிழிவு, தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரக்கும் கோளாறுகளில் பெரும்பகுதி ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த உவமையில் ஒரு மனக்குறை உண்டு: அந்தக் கதையில் வேலி துரோகம் செய்கிறது, இங்கோ அது கடமையைச் செய்வதாக நம்பிக்கொண்டே பயிரை அழிக்கிறது. இந்த வேறுபாடு புரிந்தால்தான் நோயும் சிகிச்சையும் புரியும்.

நம் உடல் தன்னைத் தானே ஏன் எப்போதும் தாக்கிக்கொள்வதில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெள்ளணுக்களில் டி செல்கள் என்றொரு வகை உண்டு. அவை எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய் அங்கே முதிர்ச்சி அடைகின்றன. முதிரும்போது, உடலின் பல்வேறு உறுப்புகளில் இருக்கும் புரதங்களின் துணுக்குகள் அவற்றுக்குக் காட்டப்படுகின்றன. அவற்றைக் கண்டு மூர்க்கமாகப் பாயும் செல்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. இந்தத் தேர்வு கடுமையானதுதான், ஆனால் முழுமையானது அன்று. தப்பித்து வரும் செல்கள் நம் எல்லோருடைய இரத்தத்திலும் உண்டு. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அவை அமைதியாக இருப்பதற்குக் காரணம், அவற்றை அடக்கி வைப்பதையே வேலையாகக் கொண்ட கட்டுப்பாட்டு டி செல்கள் என்னும் மற்றொரு வகை. இந்தக் கட்டுப்பாட்டைக் கண்டறிந்து விளக்கியதற்காகவே ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆக, தன்னுடல் தாக்குநோய்க்கான விதை ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. அது முளைக்காமல் வைக்கப்பட்டிருக்கிறது. தொற்று செய்வதெல்லாம், சிலரிடம், சில சூழ்நிலைகளில், அந்த விதைக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான். எப்படி ஊற்றுகிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. குறைந்தது நான்கைந்து வழிகள் தெரிந்திருக்கின்றன. அவற்றுள் மிகத் தெளிவாக அறியப்பட்டது தொண்டைப் புண்ணிலிருந்து இதயத்துக்குப் போகும் வழி. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் மற்றவை எல்லாம் இதை ஒப்பிட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

கடலூர் துறைமுகத்தில் கவலை வலை என்று ஒன்றைப் பார்க்கலாம். மத்தி என்றும் சாளை என்றும் வேறு ஊர்களில் சொல்லப்படும் கவலை மீனுக்கென்றே கண்ணளவு வைத்துப் பின்னப்பட்ட வலை அது. அதைவிடச் சிறிய மீன் கண்ணுக்குள் புகுந்து வெளியே போய்விடும். பெரிய மீனின் தலை நுழையாது. சரியான பருமன் உள்ள மீன் மட்டும் தலையை நுழைத்து, செவுள் சிக்கி நிற்கும். ஆனால் வலைக்கு மீனின் பெயர் தெரியாது. அதே பருமன் உள்ள கானாங்கெளுத்திக் குஞ்சு வந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். நம் உடல் கிருமிக்கு எதிராகச் செய்யும் எதிர்ப்பொருளும் இப்படிப்பட்ட வலைதான். கிருமியின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தின் வடிவத்துக்கு ஏற்ப அது பின்னப்படுகிறது. அந்த வடிவத்தை ஒத்த பொருள் நம் உடலில் எங்காவது இருந்தால், அதுவும் சிக்கும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் ஒரு வகை, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டை வலியையும் காய்ச்சலையும் உண்டாக்குகிறது. அதன் மேலுறையில் 'எம்' (M) புரதம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் புரதத்தின் சில பகுதிகள், நம் இதயத் தசையில் இருக்கும் மயோசின் என்னும் புரதத்தை ஒத்திருக்கின்றன. தொண்டை வலி ஒரு வாரத்தில் தானாகவே தணிந்துவிடும். வீட்டில் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வதோடு விஷயம் மறந்துபோகும். இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, வலை பின்னி முடிந்திருக்கும் சமயத்தில், பிள்ளைக்கு முழங்கால் வீங்கும், அது இறங்கியதும் கணுக்கால் வீங்கும், பிறகு மணிக்கட்டு. மூட்டு வலி இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கும். சில பிள்ளைகளுக்குக் கைகால்கள் தம்மையறியாமல் துடிக்கும்; கையெழுத்து கோணலாகும்; அடம் பிடிப்பதாக நினைத்துப் பிள்ளையைத் திட்டுவோர் உண்டு. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டுகள் எந்த ஊனமும் இன்றிச் சரியாகிவிடும். ஆனால் இதயத்தின் வால்வுகள், முக்கியமாக இடப்பக்கத்தில் இருக்கும் மைட்ரல் வால்வு, புண்பட்டுத் தழும்பேறிவிடும். பாரிஸ் நகர மருத்துவர் லாசேக் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: இந்த நோய் மூட்டுகளை நக்குகிறது, இதயத்தைக் கடிக்கிறது.

நம் ஊர்ப் பக்கங்களில் இந்தக் கடி பல ஆண்டுகளுக்குப் பிறகே வெளியில் தெரிகிறது. திருமணமாகி முதல் பிள்ளையை வயிற்றில் சுமக்கும் ஒரு பெண்ணுக்கு ஐந்தாறு மாதத்தில் மூச்சு வாங்குகிறது. படுத்தால் இருமல் வருகிறது. கர்ப்பத்தில் இரத்த ஓட்டம் கூடும்போதுதான் சுருங்கிய வால்வின் குறை தெரிய வருகிறது. பத்து வயதில் வந்த தொண்டை வலியை அவளோ அவள் தாயோ நினைவில் வைத்திருப்பதில்லை. கிருமி போய்ப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இந்த நோயைத் தடுக்கும் வழி எளிதானது என்பதுதான் இதில் ஆறுதலும் ஆற்றாமையும். தொண்டை வலி தொடங்கிய ஒன்பது நாள்களுக்குள் பெனிசிலின் கொடுத்துக் கிருமியை அழித்துவிட்டால், ருமாட்டிக் காய்ச்சல் வருவதை ஏறக்குறைய தடுத்துவிடலாம். வலை பின்னும் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்டால், அதே கிருமி மீண்டும் தொண்டைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் இதயம் மேலும் கடிபடும் என்பதால், 21 நாளுக்கு ஒருமுறை நீண்டநேரம் செயல்படும் பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட வேண்டும். வலி மிகுந்த ஊசி அது. "பிள்ளை நன்றாகத்தானே ஓடியாடுகிறது, இனி எதற்கு?" என்று இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்திவிடும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன், எதற்காக அந்த ஊசி என்பதை யாரேனும் அவர்களுக்கு உட்காரவைத்துச் சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி. அந்த ஊசி இருக்கும் நோய்க்கான மருந்து அன்று. வரவிருக்கும் கிருமியை வாசலிலேயே நிறுத்தும் காவல். அதனால்தான் பிள்ளை நன்றாக இருக்கும்போதும் அது தேவைப்படுகிறது.

இதே கிருமி தோலிலும் வரும். மழைக்காலத்தில் சொறிசிரங்கைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட பிள்ளைகளுக்கு, அந்தப் புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடியேறி, மூன்று முதல் ஆறு வாரங்களில் முகம் வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகக்கூடும். இங்கே வலை கெடுதல் செய்யும் விதம் வேறு. தப்பான மீனைப் பிடிப்பதில்லை. பிடித்த மீனோடு சேர்ந்து வலையே சுருண்டு, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் போய் அடைத்துக்கொள்கிறது. நல்லவேளையாக, பிள்ளைகளில் பெரும்பாலோர் இதிலிருந்து முழுமையாக மீண்டுவிடுகிறார்கள்.

வடிவ ஒற்றுமையால் வரும் இன்னொரு நோயை 2025 தொடக்கத்தில் செய்தித்தாள்களில் எல்லோரும் படித்தோம். புனே நகரில் சில வாரங்களுக்குள் இருநூறுக்கும் மேற்பட்டோருக்குக் கைகால்கள் தளர்ந்தன. கில்லன் பாரே நோய் அது. வழக்கமாக ஓர் ஆண்டில் லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிற நோய், ஒரே பகுதியில் இப்படிக் கூட்டமாக வந்தபோது விசாரணை குடிநீரின் பக்கம் திரும்பியது. நோயாளிகள் பலரின் மலத்தில் கேம்பைலோபேக்டர் என்னும் பாக்டீரியா காணப்பட்டது. சரியாக வேகாத கோழிக்கறியிலும் அசுத்தமான தண்ணீரிலும் இருக்கக்கூடிய, சாதாரண வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி அது. அதன் மேலுறையில் உள்ள ஒரு சர்க்கரைக் கொழுப்புப் பொருள், நம் நரம்புகளின் உறையில் இருக்கும் கேங்லியோசைடு என்னும் பொருளை அச்சு அசலாக ஒத்திருக்கிறது. வயிற்றுப்போக்கு நின்று ஒன்று முதல் மூன்று வாரங்களில் பாதத்தில் மரமரப்பு தொடங்கி, தளர்ச்சி மேல் நோக்கி ஏறும். மூச்சுத் தசை வரை ஏறினால் செயற்கைச் சுவாசம் தேவைப்படும். பெரும்பாலோர் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மீள்கிறார்கள். கேம்பைலோபேக்டர் தொற்று ஏற்படும் ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே இந்த நோய் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு வயிற்றுப்போக்கையும் கண்டு அஞ்ச வேண்டியதாகிவிடும்.

எல்லாத் தன்னுடல் தாக்குநோய்களையும் வடிவ ஒற்றுமையை வைத்தே விளக்க முடியுமா? முடியாது. கிருமி ஒரு திசுவில் புகுந்து செல்களை உடைக்கும்போது, சாதாரணமாக நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பார்வையில் படாத உள்புரதங்கள் வெளியே கொட்டுகின்றன. அதே நேரத்தில் அந்த இடம் முழுக்க அபாய அறிவிப்பாகப் பலவகை வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. அடங்கிக் கிடந்த தன்னெதிர்ப்பு டி செல் ஒன்று அந்த வழியாக வந்தால், கிருமிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபோதும், அந்தச் சூழலே அதை எழுப்பிவிடும். கோயில் திருவிழாக் கூட்டத்தில் எங்கோ ஒருவன் "பாம்பு" என்று கத்தினால் பாம்பைப் பார்க்காதவனும் ஓடுவது போன்றது இது. முதல் வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிவதற்கு, காக்சாக்கி முதலான குடல் வைரஸ்கள் இப்படித் தொடக்கம் அமைக்கின்றன என்று கருத வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஒருமுறை தொடங்கிய தாக்குதல் ஒரே புரதத்தோடு நிற்பதும் இல்லை. உடைந்த திசுவிலிருந்து அடுத்த புரதம் வெளிவர, அதற்கு எதிராகவும் எதிர்ப்பொருள் உருவாகி, வட்டம் விரிந்துகொண்டே போகிறது.

முடக்குவாதத்தில் வேறொரு வழி பேசப்படுகிறது. ஈறு வீங்கி இரத்தம் கசியும் நோயை உண்டாக்கும் ஒருவகைப் பாக்டீரியாவிடம், நம் புரதங்களின் வேதியியல் அமைப்பைச் சற்றே மாற்றிவிடும் நொதி ஒன்று இருக்கிறது. மாற்றப்பட்ட புரதம் உடலுக்கு அந்நியமாகத் தெரிகிறது. அதற்கு எதிராக எதிர்ப்பொருள் தோன்றுகிறது. மூட்டு வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த எதிர்ப்பொருளை இரத்தத்தில் காண முடிகிறது என்பது உறுதியான உண்மை. அது ஈறிலிருந்துதான் தொடங்குகிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கும் கருத்து. புகை பிடிப்பவர்களின் நுரையீரலிலும் இதே மாற்றம் நடப்பதால், குற்றவாளி ஒருவர் மட்டும் அல்லர் என்று தோன்றுகிறது.

இனி என் சித்தியின் விரல்களுக்கு வருகிறேன். சிக்குன்குனியா வைரஸ் நமக்குப் புதியது அன்று. 1952இல் இன்றைய தான்சானியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டு, அங்குள்ள மக்கோண்டே மக்களின் மொழியில் வலியால் வளைந்துபோவதைக் குறிக்கும் சொல்லையே பெயராகப் பெற்ற இந்த வைரஸ், 1960களின் நடுவிலேயே சென்னையிலும் வேலூரிலும் புதுச்சேரியிலும் பரவியிருக்கிறது. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் காணாமல் போய், 2005 இறுதியில் மீண்டும் நாட்டுக்குள் தலைகாட்டி, 2006இல் மட்டும் 13 லட்சத்துக்கும் அதிகமானோரைப் பிடித்தது. பெரும்பாலோருக்கு மூட்டு வலி சில வாரங்களில் தணிந்துவிட்டது. கணிசமானோருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடித்தது.

அந்த நீண்ட வலி தன்னுடல் தாக்குநோய்தானா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஏனெனில் இங்கே "கிருமி போய்விட்டது" என்று நாம் நினைப்பதே சந்தேகத்துக்குரியது. இரத்தத்தில் வைரஸ் சில நாள்களில் மறைந்துவிடுகிறது. ஆனால் நாள்பட்ட வலி உள்ள சிலரின் மூட்டுச் சவ்வில் இருக்கும் பெருவிழுங்கு செல்களுக்குள் வைரஸின் மரபுப்பொருளும் புரதமும் பல மாதங்கள் கழித்தும் காணப்பட்டுள்ளன. அப்படியானால் உடல் தன்னைத் தாக்கவில்லை. எஞ்சிக் கிடக்கும் கிருமித் துணுக்கைத்தான் இன்னும் தாக்கிக்கொண்டிருக்கிறது. வேறு சிலருக்கோ, சிக்குன்குனியாவுக்குப் பிறகு தொடங்கிய வலி, முடக்குவாதத்தின் எல்லா இலக்கணங்களுக்கும் பொருந்தி நிலைத்துவிடுகிறது. இருவரையும் வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஒரே போன்ற வீக்கம், ஒரே போன்ற காலை இறுக்கம். சித்திக்கு முடக்குவாதத்தைக் காட்டும் எதிர்ப்பொருள் சோதனைகள் எதிலும் எதுவும் தென்படவில்லை. 2007 தீபாவளிக்கு முறுக்கு உரலை அவரே திருகினார். ஆனால் அதே தெருவில் அதே வாரத்தில் காய்ச்சல் வந்த இன்னொரு பெண்மணி இன்றளவும் முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிட்டுவருகிறார். அவருக்கு அந்த நோய் எப்படியும் வரவிருந்ததா, கொசுக்கடி அதைச் சில ஆண்டுகள் முன்னுக்கு இழுத்ததா என்பதை அவர் ஒருவரை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

கிருமி உண்மையிலேயே எஞ்சியிருக்கும் நோய்களில் ஒரு நன்மை உண்டு. ஹெபடைட்டிஸ் சி வைரஸால் இரத்தக்குழாய்களில் அழற்சி ஏற்பட்டவர்களுக்கு, அந்த வைரஸை மருந்தால் ஒழித்தால் பெரும்பாலும் அழற்சியும் தணிகிறது. இரைப்பையில் வாழும் எச். பைலோரி பாக்டீரியாவை ஒழித்ததும், தன்னெதிர்ப்பால், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அவற்றின் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. ருமாட்டிக் இதய நோயில் இப்படி நடப்பதில்லை. அங்கே தழும்பு விழுந்துவிட்டது. கிருமியை எப்போது விரட்டினால் பயன் உண்டு, எப்போது விரட்டியும் பயனில்லை என்பது நோய்க்கு நோய் மாறும்.

தொற்றுக்கும் தன்னுடல் தாக்குநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவுவது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு எப்ஸ்டீன் பார் வைரஸ் நல்ல எடுத்துக்காட்டு. உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு இந்த வைரஸ் ஏற்கெனவே தொற்றியிருக்கிறது. எச்சில் வழியாகச் சிறுவயதிலேயே வந்து, சாதாரணக் காய்ச்சலாகவோ காய்ச்சலே இல்லாமலோ போய்விட்டு, வெள்ளணுக்களுக்குள் வாழ்நாள் முழுக்க உறங்கும். மூளை நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய்க்கு இது காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் பல காலமாக இருந்தது. ஆனால் எல்லோருக்கும் இருக்கும் வைரஸை எப்படிக் குற்றவாளி என்று காட்டுவது? தொற்று இல்லாத அந்த ஐந்து பேரைத் தேடிப் பிடித்து, அவர்களுக்குத் தொற்று வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் முடியும். அமெரிக்க இராணுவத்தில் எச்.ஐ.வி. சோதனைக்காக வீரர்களிடம் அவ்வப்போது எடுக்கப்பட்ட இரத்தத்தின் மீதி பாதுகாக்கப்பட்டிருந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீரர்களை உள்ளடக்கிய அந்தச் சேமிப்பை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டீன் பார் தொற்றுக்குப் பிறகு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. ஆராயப்பட்ட 801 நோயாளிகளில், நோய்க்கு முன் இந்த வைரஸ் தொற்றியதற்கான அடையாளம் இல்லாதவர் ஒரே ஒருவர். மற்ற வைரஸ்களுக்கு இத்தகைய தொடர்பு தென்படவில்லை.

இந்த எண்களை அவசரமாகப் படிப்பவர் தவறான முடிவுக்கு வரக்கூடும். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் வைரஸ் இருந்தது என்பது ஒன்று. வைரஸ் இருப்பவர்களில் மிக மிகச் சிலருக்கே நோய் வருகிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் தென்னிந்தியாவில் அரிதாகவே காணப்படுகிறது. ஆனால் அந்த வைரஸ் இங்கே அரிது அன்று. ஆகவே தொற்றோடு வேறு பலவும் சேர வேண்டியிருக்கிறது. அவற்றில் முதன்மையானது மரபு. கிருமித் துணுக்குகளை டி செல்களுக்குக் காட்டும் எச்.எல்.ஏ. புரதங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. எச்.எல்.ஏ. பி27 என்னும் வகை உள்ளவர்களுக்கு, வயிற்றுப்போக்கோ சிறுநீர்த்தாரைத் தொற்றோ வந்து போன சில வாரங்களில் முழங்கால் வீங்கி, கண் சிவந்து, எதிர்வினை மூட்டழற்சி என்னும் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி. பெண்களுக்கு இவ்வகை நோய்கள் அதிகம் வருகின்றன; லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

இதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு. பலர் அதை மிகைப்படுத்துவதால் சுருக்கமாகவே சொல்கிறேன். பின்லாந்திலும் அதை ஒட்டிய ரஷ்யக் கரேலியாவிலும் வாழும் மக்கள் மரபால் நெருங்கியவர்கள். ஆயினும் முதல் வகை நீரிழிவு பின்லாந்தில் ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகம். குடல் வைரஸ் தொற்றுகளோ கரேலியாவில்தான் அதிகமாக இருந்தன. சிறுவயதில் பலவகை நுண்ணுயிர்களோடு பழகுவது கட்டுப்பாட்டு டி செல்களைப் பயிற்றுவிக்கிறது என்று இதற்கு விளக்கம் தருகிறார்கள். அதற்காகப் பிள்ளைக்குக் கொதிக்க வைக்காத தண்ணீரைக் கொடுக்கலாம் என்று யாரும் பொருள்கொள்ளக் கூடாது. அந்தத் தண்ணீரில் காலராவும் டைபாய்டும் இருக்கலாம்.

இதுவரை சொன்னது நோயைத் தொடங்கிவைக்கும் தொற்றைப் பற்றி. ஏற்கெனவே லூபஸோ முடக்குவாதமோ உள்ள ஒருவருக்குத் தொற்று வந்தால் என்ன ஆகும் என்பது அன்றாடம் அதிகமாக எழும் சிக்கல். மருந்தால் அடங்கியிருக்கும் நோய், ஒரு சாதாரணச் சளிக் காய்ச்சலுக்குப் பிறகு மறுபடியும் கிளம்பக்கூடும். கிருமியை எதிர்க்கச் சுரக்கும் இன்டர்பெரான் என்னும் பொருள் லூபஸில் முன்பே மிகுந்திருக்கிறது. வைரஸ் வந்தால் அது மேலும் கூடுகிறது. மறுபுறம், நோயை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டும் பிற மருந்துகளும் எதிர்ப்பு ஆற்றலையே குறைப்பதால், கிருமிகள் எளிதில் நுழைகின்றன. நோய் தொற்றை இழுக்கிறது, தொற்று நோயைக் கிளப்புகிறது, இடையில் நோயாளி அகப்பட்டுக்கொள்கிறார்.

மருத்துவரைத் தடுமாற வைப்பதும் இந்த இடம்தான். லூபஸ் உள்ள ஒரு பெண் காய்ச்சலோடும் மூட்டு வலியோடும் வருகிறார். நோய் கிளம்பியிருந்தால் ஸ்டீராய்டின் அளவைக் கூட்ட வேண்டும். கிருமி புகுந்திருந்தால் அப்படிக் கூட்டுவது ஆபத்து. கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் டெங்கு, எலிக்காய்ச்சல், சிக்குன்குனியா மூன்றும் ஒருங்கே உலவும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடும். டெங்குவிலும் தட்டணுக்கள் குறையும், லூபஸிலும் குறையும். காசநோய் நம் நாட்டில் எப்போதும் மறைந்து நிற்கும் விருந்தாளி என்பதால், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் பொருளைத் தடுக்கும் ஊசிகளைத் தொடங்கும் முன் அதற்கான சோதனைகளைச் செய்கிறார்கள். எதிர்ப்பை அடக்கும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளுக்கு முன் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். புதுச்சேரி ஜிப்மரில் இவ்வகை நோய்களுக்கென்றே தனித் துறை இருப்பது இந்த வட்டாரத்துக்குக் கிடைத்த வசதி.

நோயாளியும் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் கடுமையான தொற்று இருந்தும் காய்ச்சல் அதிகம் ஏறாமல் இருக்கலாம். எனவே வெப்பமானியை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் வந்ததும், "மருந்துதான் எதிர்ப்பைக் குறைக்கிறதே" என்று பயந்து ஸ்டீராய்டைத் தானாகத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம், ஏனெனில் பல மாதங்கள் மாத்திரையை நம்பியிருந்த அட்ரீனல் சுரப்பியால் உடனடியாகத் தன் வேலையைத் தொடர முடியாது. மற்ற மருந்துகளில் எதைச் சில நாள் நிறுத்தி வைப்பது, எதைத் தொடர்வது என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும். தடுப்பூசிகளைப் பொறுத்தவரை, இன்ஃப்ளூயன்சா, நிமோனியா ஆகியவற்றுக்கான உயிரற்ற தடுப்பூசிகள் இவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளையே எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் காலத்தில் தவிர்க்கிறார்கள். நிலவேம்புக் குடிநீர் முதலிய எதைக் குடித்தாலும், அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

புதிதாக மூட்டு வீக்கத்தோடோ கைகால் தளர்ச்சியோடோ மருத்துவரைப் பார்க்கப் போகும் எவருக்கும் ஒரு வேண்டுகோள். முந்தைய ஒன்றரை மாதத்தில் வந்து போன காய்ச்சல், தொண்டை வலி, வயிற்றுப்போக்கு, தோல் புண், சிறுநீர் எரிச்சல் ஆகியவற்றை, அவை எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், தொடங்கிய தேதியோடு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வலி முதலில் வந்த மூட்டு எது, அடுத்து வந்தது எது, காலையில் இறுக்கம் எத்தனை மணிவரை நீடிக்கிறது என்பதையும் அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள்; கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில், உங்கள் முறை வரும்போது அந்தத் தாள் பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும்.